புதுப் போன் வாங்கிய முதல் வாரம்: வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு

கடையில் போன் வாங்கினால் கண்ணாடி ஒட்டி, கவர் மாட்டி, வாட்ஸ்அப் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அதையும் வரிசையாகச் செய்ய வேண்டும். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால், சான்றிதழ்களை வைக்கும் அரசு ஆப்பான டிஜிலாக்கர் திறக்காது. வங்கியில் ஒரு நம்பர், போனில் வேறு நம்பர் என்றால் பணம் அனுப்பும் ஆப் எதுவும் ஏறாது. கூகுள் பாஸ்வேர்டு கடைப் பையனுக்கு மட்டும் தெரியும் என்றால், என்றாவது ஒரு நாள் போனே திறக்காது. எல்லாம் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டிருப்பவை.

முதல் நாள் உட்கார இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆதார் அட்டை, வங்கி ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், போன் பில், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், பேனா ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தை மறக்க வேண்டாம். போன் தொலைந்த அன்று போனுக்குள் எழுதி வைத்த எதுவும் உதவாது.

ஆண்ட்ராய்டு போனை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி செட்டிங்ஸில் இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

1. பில்லும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும்

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே *#06# என்று டயல் செய்யுங்கள். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. 15 இலக்கத்தில் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும். அந்த எண்கள் பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் பில்லிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். துண்டுச் சீட்டில் "மொபைல் 1" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். போன் தொலைந்தால் முடக்குவதற்கும், வாரண்டியில் சரிசெய்வதற்கும் எண் போட்ட பில்தான் கேட்பார்கள். வெயிலில் வைத்த பில்லின் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும். அன்றே ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுங்கள்.

பழைய போன் வாங்குகிறீர்கள் என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பு இன்னொரு வேலை உண்டு. கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைப் போட்டு 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், முடக்கப்பட்டதா என்ற விவரம் பதிலாக வரும். கையில் இருக்கும் மாடலும் பதிலில் வரும் மாடலும் வேறாக இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். விற்பவரின் கூகுள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லி, அதன் பிறகு ரீசெட் செய்யச் சொல்லுங்கள். நீக்காமல் ரீசெட் செய்த போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.

2. சிம் யார் பெயரில் இருக்கிறது?

வீட்டுப் பெரியவர்களின் சிம் பல இடங்களில் மகன் பெயரிலோ, எப்போதோ கேம்ப் போட்டு விற்ற ஏஜென்ட் பெயரிலோ இருக்கும். பேசும் வரை இதில் பிரச்சினை தெரியாது. தொலைந்தால் மாற்று சிம் வாங்க யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆதாரோடு கைரேகை வைக்கப் போக வேண்டும். அந்த மகன் துபாயில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன் வாங்கும் வாரத்திலேயே சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரையும் ஓ.டி.பி.யையும் போட்டுப் பார்க்கலாம். செலவு இல்லை. தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே "என் நம்பர் இல்லை" என்று குறிக்கலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள்தான் இருக்கலாம்.

அடுத்தது சிம் லாக். போனுக்குப் பூட்டு போட்டவர்கள்கூட சிம்முக்குப் போடுவதில்லை. திருடனுக்கு உங்கள் போனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வந்துவிடும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் சிம் லாக் இருக்கும். போட்டுவிட்டால் போனை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும், வேறு போனில் சிம்மைப் போடும்போதும் நான்கு இலக்க ரகசிய எண் (பின்) கேட்கும். கம்பெனி வைத்திருக்கும் முதல் பின் என்ன என்பதை வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு பிறகு மாற்றுங்கள். ஊகித்துத் தட்டாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் கம்பெனி தரும் பி.யு.கே. எண் கேட்கும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும்.

3. கூகுள் கணக்கு: கடையில் தொடங்கியதை வீட்டில் சரிசெய்யுங்கள்

அவசரத்தில் கடைக்காரரே ஒரு ஜிமெயில் தொடங்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைத்து, தன் நம்பரைக்கூடப் போட்டுக் கொடுத்திருப்பார். அதில் தப்பு நோக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில்தான் உங்கள் படங்களும் தொடர்பு எண்களும் வாட்ஸ்அப் பேக்கப்பும் போய்ச் சேர்கின்றன.

செட்டிங்ஸில் கூகுள், அதில் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கம் போய் மூன்றைப் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி நோட்டில் எழுதுங்கள். மீட்பு நம்பராக உங்கள் நம்பரையும், இரண்டாவதாக வீட்டில் ஒருவர் மின்னஞ்சலையும் போடுங்கள். பிறந்த தேதி சரியா என்று பாருங்கள்.

பூட்டுக்குக் கோடு இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம். விரல் எண்ணெய்த் தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும், சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். ஆறு இலக்க எண் போதும், கைரேகையும் சேர்த்துக்கொள்ளலாம். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். இல்லையென்றால் போன் பூட்டியிருந்தாலும் ஓ.டி.பி. மேலே வந்து நிற்கும்.

4. ஆதாரில் இருக்கும் நம்பரும் வங்கியில் இருக்கும் நம்பரும்

இரண்டும் இந்த சிம்தானா என்று இப்போதே சரிபார்க்க வேண்டும். வங்கியில் மாற்ற, கிளைக்கு நேரில் போய் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்புக்கும் ஆதார் நகலும் கொண்டுபோங்கள். சில வங்கிகளில் ஏ.டி.எம். வழியாகவும் முடியும்.

ஆதாரில் நம்பர் மாற்ற எந்தச் சான்றும் தேவையில்லை, கைரேகையும் 75 ரூபாயும் போதும். 2025 அக்டோபருக்கு முன்பு 50 ரூபாயாக இருந்தது. கையில் தரும் ஒப்புகைச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து நிலை பார்க்கலாம். சில நாளில் முடிந்துவிடும், ஒரு மாதம் வரை ஆகலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதுவரை 6ஆம் படிக்குப் போக வேண்டாம்.

பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். நம்பர் மாற்றுவதற்கு இது தடையில்லை, எந்த ஊர் ஆதார் மையத்திலும் மாற்றலாம். சத்துவாச்சாரிக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் சான்றிதழ் விண்ணப்பத்தில் மாவட்டம் தேர்ந்தெடுக்கும்போது இன்று உங்கள் தாலுகா இருக்கும் மாவட்டத்தைப் போடுங்கள். ஆதாரைப் பார்த்து வேலூர் என்று போட்டால் உங்கள் ஊர் பட்டியலிலேயே வராது.

5. பணம் அனுப்பும் ஆப்

எந்த ஆப் என்பது உங்கள் விருப்பம், அடியில் ஓடுவது ஒரே யூ.பி.ஐ. தான். பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். அது போகாமல்தான் பல பதிவுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. எஸ்.எம்.எஸ். இல்லாத சின்ன ரீசார்ஜ் போட்டிருப்பீர்கள், அல்லது இரண்டு சிம்மில் தவறான சிம் தேர்வாகியிருக்கும். முதலில் யாருக்காவது ஒரு சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்துவிட்டு ஆப்பைத் திறங்கள். வைஃபையை ஆஃப் செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் பதிவு செய்வது நல்லது.

யூ.பி.ஐ. பின் வைக்க ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதமும் கேட்கும். கார்டு இல்லாதவர்கள் ஆதார் ஓ.டி.பி. வழியாகவும் வைக்கலாம், அதற்குத்தான் 4ஆம் படி.

புதிதாகப் பதிவு செய்த போனில் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தம் 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். ஐபோனில் இந்தத் தடை இன்னும் நீளும். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டப் போகும் காலையில் புதுப் போனுக்கு மாறினால் கவுன்ட்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். பெரிய செலவுக்கு இரண்டு நாள் முன்பாவது மாறுங்கள், அல்லது பழைய போனையே அன்றைக்குக் கொண்டுபோங்கள். தடை முடிந்த பின் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கட்டும் பணத்துக்கு 5 லட்சம் வரை அனுமதி உண்டு. ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், முந்தின நாளே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீக்கடை, பஸ், காய்கறிக்கு யூ.பி.ஐ. லைட்டைப் பயன்படுத்துங்கள். அதில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் போடாமல் அனுப்பலாம். பாஸ்புக்கில் பத்து ரூபாய், இருபது ரூபாய் வரிகள் பக்கம் பக்கமாக நிரம்பாது. பின் இல்லை என்பதால் போனைத் திறக்கத் தெரிந்தவர் யாரும் செலவழிக்கலாம், ஐந்நூறுக்கு மேல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. போன் மாற்றும் முன் லைட்டில் இருக்கும் பணத்தை வங்கிக்குத் திருப்பிவிடுங்கள்.

பணம் போய், எதிராளிக்குச் சேரவில்லை என்றால் பதறி மறுபடி அனுப்பாதீர்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஆளுக்கு ஆள் அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கேட்காமலேயே தர வேண்டும் என்பது விதி, வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

பின் என்பது பணம் கொடுக்கவும் இருப்பு பார்க்கவும் மட்டும். பணம் வாங்க பின் போடச் சொல்கிறார் என்றால் உங்களிடமிருந்து எடுக்கப் போகிறார். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது ஓர் ஆப். தொட்டு நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ். எல்லாம் வேறு இடத்துக்குப் போகும். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஆப் ஆக வராது.

6. சான்றிதழ்களைப் போனுக்குள் கொண்டுவருவது

டிஜிலாக்கர் ஆப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. அரசுத் துறையே நேராகத் தந்தவை ஒரு பக்கம், நீங்கள் படம் எடுத்து ஏற்றியவை இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் இருப்பதற்குத்தான் அசலுக்கு நிகரான மதிப்பு. லைசென்ஸைப் படம் எடுத்து ஏற்றிவிட்டுப் போலீஸ்காரரிடம் காட்டினால் அவர் ஏற்க வேண்டியதில்லை. லைசென்ஸ் எண்ணைப் போட்டு அந்தத் துறையிலிருந்து இழுக்க வேண்டும்.

இழுக்கும்போது நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது இனிஷியலில். ஆதாரில் "குமார் எஸ்", ஆர்.சி. புத்தகத்தில் "எஸ். குமார்", லைசென்ஸில் அப்பா பெயரோடு "குமார் சுப்பிரமணி" என்று இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். ஆப்பில் இதற்கு வழியில்லை. ஆதாரில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்வதுதான் வழி. பான், லைசென்ஸ், ஆர்.சி., பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் இவற்றை முதலில் இழுத்து வையுங்கள். திறக்க இணையம் வேண்டும் என்பதால் பி.டி.எஃப். ஆகவும் இறக்கி வையுங்கள்.

லாட்ஜ், வாடகை வீடு, சிம் கடை என்று கேட்ட இடத்திலெல்லாம் முழு ஆதார் நகலைக் கொடுக்க வேண்டாம். ஆதார் தளத்தில் இறக்கும்போது மறைத்த ஆதார் என்று ஒரு தேர்வு உண்டு, அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். இறக்கிய பி.டி.எஃப். பாஸ்வேர்டு கேட்கும். ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. இங்கும் இனிஷியல்தான் வில்லன். புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. பெயர் "பி. குமார்", ஆண்டு 1990 என்றால் பி, புள்ளி, கே, யூ, பிறகு 1990. இடைவெளி கணக்கில் வராது.

இ-சேவைக்கோ கல்லூரிக்கோ ஏற்றும் சான்றிதழைப் படமாக எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். கூகுள் டிரைவ் ஆப்பில் கூட்டல் குறியைத் தொட்டால் ஸ்கேன் வரும். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். லேமினேட் செய்த காகிதத்தில் ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும், முத்திரை இருக்கும் இடத்தில்தான் விழும்! கறுப்புத் துணியோ சிவப்புத் தரையோ அடியில் இருந்தால் காகிதத்தின் ஓரத்தைப் போனே கண்டுபிடித்து வெட்டிக்கொள்ளும். கைநிழல் விழாமல் நேர் மேலே பிடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் சேமித்தால் அளவு குறையும், ஆனால் பச்சை மையில் போட்ட கையெழுத்தும் வண்ண முத்திரையும் மங்கலாம். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கேலரியிலிருந்து அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும், பெரிதாக்கினால் எழுத்து உடையும். இணைப்புக் குறியைத் தொட்டு டாகுமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பாதி ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துவிட்டார்கள்.

7. வேலூர் வெயிலும் பேட்டரியும்

போன் கம்பெனிகள் பயன்படுத்தச் சொல்லும் வெப்ப வரம்பு பொதுவாக 35 டிகிரி வரைதான். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40ஐத் தாண்டும். ஷீட் போட்ட வீட்டில் மதியம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரியைச் சாகடிப்பது சூடும், சூட்டோடு சேர்ந்த முழுச் சார்ஜும். இரண்டில் ஒன்றையாவது குறைத்தால் பேட்டரி கூடுதல் காலம் ஓடும்.

மதியம் சார்ஜ் போடாதீர்கள், விடிகாலையில் போடுங்கள். போடும்போது கவரைக் கழற்றுங்கள், மெத்தையிலும் தலையணைக்கு அடியிலும் வேண்டாம், தரையிலோ மர மேசையிலோ வையுங்கள். செட்டிங்ஸ் பேட்டரிப் பகுதியில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் எடுத்துவிடலாம். சூடு அதிகமானால் போன் தானே சார்ஜை நிறுத்தும், அது பழுதில்லை. ஃபேன் காற்றில் வைத்தால் மறுபடி ஏறும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டி கூகுள் மேப் போட்டு தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை போவது போனுக்கு மூன்று வகையில் கேடு: நேர் வெயில், திரை முழு வெளிச்சம், அதிர்வு. கேமராவின் ஆட்டம் தடுக்கும் நுண்ணிய பாகம் எஞ்சின் அதிர்வில் கெடும் என்று ஐபோன் தயாரிக்கும் ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. போனைப் பையில் வைத்துக்கொண்டு காதில் வழி கேட்டால் போதும்.

சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 5,000 எம்.ஏ.எச். பேட்டரிக்குள் ஏறத்தாழ 19 வாட்-மணி மின்சாரம் போக வேண்டும், வீணாவதையும் சேர்த்தால் 10 வாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் ஆகும். 33 வாட் சார்ஜர் வைத்தும் அவ்வளவு நேரம் ஆகிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பல கம்பெனிகளின் வேக சார்ஜ் அவர்கள் கேபிளோடு மட்டும்தான் வேலை செய்யும். கேபிளும் சரி என்றால் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அமுங்கி, முனை கிளிக் என்று உட்காராமல் ஆடும். போனை ஆஃப் செய்து மரப் பல்குச்சியால் மெதுவாகத் தோண்டினால் பஞ்சு உருண்டு வரும். குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்துவிடும். சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் போன்கள் பலவற்றுக்கு இந்தக் குச்சியே போதும்.

சார்ஜர் புதிதாக வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு முத்திரையும் அதன் கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மாதாந்திர பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், கரண்ட் திரும்பும் நேரத்தில் சார்ஜர் பிளக்கில் இருக்க வேண்டாம். அன்றைக்குப் பவர் பேங்க் வைத்துக்கொள்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தாலும் போனுக்குள் போவது ஆறாயிரம் சொச்சம்தான். உண்மையான அளவு பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

பின்மூடி தூக்கிக்கொண்டோ திரை ஓரம் பிளந்தோ தெரிந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள்.

8. "இடம் இல்லை" என்று வந்தால்

காரணம் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் சேமிப்பு மற்றும் தரவு பகுதிக்குள் போய், தானாக இறங்கும் மூன்று வரிகளிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் சேமிப்பை நிர்வகி என்பதைத் தொட்டால் 5 எம்.பி.க்கு மேற்பட்டவையும், பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாக வரும். பலமுறை ஃபார்வர்டு ஆனதில் காலை வணக்கமும் சாமி படமும்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். அழித்த பிறகும் இடம் வரவில்லை என்றால் படங்கள் ஆப்பில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

கூகுளின் இலவச இடம் 15 ஜி.பி. மின்னஞ்சல், படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் மூன்றும் இதற்குள்தான். பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று குறித்தாலே பாதிச் சுமை இறங்கும். குழந்தை பிறந்தநாள் வீடியோ மாதிரி உண்மையில் வேண்டியவற்றை டைப்-சி பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

9. தமிழில் தட்டவும் பிற மொழிக்காரரோடு பேசவும்

ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்தால் நேராகத் தமிழ் எழுத்தையே தட்டும் அமைப்பும், ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் அமைப்பும் வரும். பெரியவர்களுக்கு இரண்டும் வேண்டாம், மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்களோடு தினமும் பேசும் ஆட்டோக்காரர், மருந்துக் கடை, லாட்ஜ் வைத்திருப்பவர் என்றால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ், வங்காளம், இந்தி மூன்றையும் இறக்கி வையுங்கள். சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். "ரூம் வாடகை 600 ரூபாய். தண்ணீர் வரும். சமைக்கலாம்." இப்படிச் சொன்னால் சரியாகப் போகும், ஒரே மூச்சில் சொன்னால் உளறும். மருந்து அளவை மட்டும் இதை நம்பிச் சொல்லாதீர்கள். விரலை மடக்கிக் காட்டிச் சீட்டில் எண்ணாக எழுதிக் கொடுங்கள்.

10. காட்பாடியும் ஜவ்வாது மலையும்

முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டை ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில் எடுக்கலாம், 2025 ஜூலையில் வந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்க முடியாது. காட்பாடி ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் வரும்போதே எடுத்துவிடுங்கள். பரிசோதகரிடம் ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாத பயணிதான்.

ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் போகும் முன் கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை ஆஃப்லைனாக இறக்குங்கள். டவர் இல்லாத இடத்தில் போன் சிக்னல் தேடியே பேட்டரியைத் தின்னும், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அதிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்.

11. போன் தொலைந்தால், இந்த வரிசையில்

முதல் பத்து நிமிடத்தில் இன்னொருவர் போனில் கூகுளின் ஃபைண்ட் ஹப்பைத் திறந்து உங்கள் கணக்கில் நுழையுங்கள். நோட்டில் எழுதிய பாஸ்வேர்டு இதற்குத்தான். தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் அழி என்பதை இப்போதே தொடாதீர்கள், அழித்துவிட்டால் பிறகு போன் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது.

அடுத்து சிம் கம்பெனிக்கும் வங்கிக்கும் போன் செய்து சிம்மையும் யூ.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிறகு காவல் நிலையம். பில் நகல், ஆதார் நகல், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், தொலைந்த இடம், நேரம் எழுதிய புகார், இவை வேண்டும். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், பணம் எதுவும் இல்லை. "பார்க்கிறோம், போங்க" என்றால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். அடுத்த படிக்கு அந்தத் தாள்தான் டிக்கெட்.

அன்றே மாற்று சிம் வாங்குங்கள். ஆதார் அசல் வேண்டும். புது சிம்மில் பேசலாம், ஆனால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி. ஓ.டி.பி. வரவில்லை என்று கடைக்கு மறுபடி அலைய வேண்டாம், மறுநாள் பாருங்கள்.

மறுநாள் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த போனை முடக்கும் பகுதிக்குப் போங்கள். எண்கள், பில், புகார் ரசீது, அடையாள அட்டை ஏற்றி, மாற்று சிம்முக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் ஒரு விண்ணப்ப எண் தரும். நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது போட்டுப் பார்த்தால் தகவல் காவல் துறைக்குப் போகும்.

போன் கிடைத்துவிட்டது என்று காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் பில்லும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். வாங்கிய கையோடு அதே விண்ணப்ப எண்ணை வைத்து முடக்கத்தை நீக்குங்கள். இதைச் செய்யாமல் சிம்மைப் போட்டுவிட்டு, டவர் காட்டவில்லை என்று சர்வீஸ் கடையில் போனைப் பிரிக்கக் கொடுப்பவர்கள் உண்டு.